மாமனாரின் உதடு

பிப்ரவரி 3

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று காலை மீன் தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்று, "ஆ... இன்னும் கொஞ்சம் ஆ காட்டுங்க" என்று மீனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். திரும்பினால், பின் நாற்காலியில் இருந்த கடைவாய்ப்பல் வலிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னை டாக்டர் என்று நினைத்துவிட்டாராம். நானும் விடவில்லை. எட்டிப் பார்த்து, "ம்ம்... உள்ள கூப்பிடுவாங்க" என்றேன். பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் இத்தனை வருடம் உட்கார்ந்து கற்றது அந்த 'ம்ம்' ஒன்றுதான்.

விஷயம் இதுதான். தொட்டியில் ஏழெட்டு கறுப்பு மோலி மீன்கள், ஒரே ஒரு பெரிய முத்த மீன். தடித்த உதட்டால் நாள் முழுக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டிருக்கும். என் சமையலை என் மாமனார் பார்க்கும் அதே பார்வை அதற்கும் இருப்பதால் அதன் பெயர் மாமனார். இன்றுதான் வாயை உற்றுப் பார்த்தேன், அந்த மாமனாரின் மேலுதட்டில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது!

டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைத் தொட்டியோரம் பிடித்துப் பார்த்தார். "பூஞ்சை மாதிரி இருக்குடி. ஆனா எனக்கு ஈறும் பல்லும் இருந்தாத்தான் ஓடும்" என்று கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

சார் தொட்டியருகே அவருடைய நாற்காலியில் இருந்தார். டாக்டரம்மாவின் வீட்டுக்காரர். போன வருடம் பக்கவாதம் வந்ததில் பேச்சு போய்விட்டது. மாடியில் வீடு, கீழே ஆஸ்பத்திரி. காலையில் கீழே கொண்டுவந்து உட்கார வைப்போம். இடது கை ஒன்றுதான் அசையும். அந்தக் கையின் விரலால் கண்ணாடிமேல் மீன்களைத் துரத்திக்கொண்டே இருப்பார். கை கால் பயிற்சி கொடுக்க வருகிற அம்மா பந்து கொடுத்தால் வாங்க மாட்டார், மீனென்றால் விரல் ஓடும்.

நாங்கள் உதட்டைப் பற்றிப் பேசும்போது அந்தக் கையைத் தூக்கி எதிர்ச் சுவரைக் காட்டினார். அங்கே கடிகாரம்.

"மணி பத்தரைதான் சார். அதுக்குள்ள மேல போகணுமா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம்.

பிப்ரவரி 4

மீன்கடை அண்ணனிடம் போனேன். கைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்ததும், "பூஞ்சையேதான்! நீலச் சொட்டு விடுங்க, கல்லுப்பு போடுங்க, சூட்டை ஏத்துங்க. குளிர்ல வர்றதுதான் இதெல்லாம்" என்றார். டாக்டர்களிடம் கூட இவ்வளவு தைரியத்தை நான் பார்த்ததில்லை. போதாததற்கு ஒரு மோலியைப் பையில் பிடித்துப் போட்டார். "துணைக்கு வச்சுக்கங்க. நம்ம ஆஸ்பத்திரிக்கு இல்லாததா?"

வந்ததும் பையை அப்படியே தொட்டியில் கவிழ்த்தேன். சார் என் மணிக்கட்டைப் பிடித்தார். இடது கையில் அவ்வளவு பலமா! "ஒண்ணும் ஆகாது சார்" என்று விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மறுபடி சுவரைக் காட்டினார். மறுபடி மணி சொன்னேன்.

பிப்ரவரி 6

தண்ணீர் நீலமாகிவிட்டது. வாய் கொப்பளிக்கும் மருந்தில் மீன் வளர்க்கிறோமா என்று ஒருவர் கேட்டார். மாமனார் உதட்டில் மாற்றமில்லை.

பிப்ரவரி 8

ஐயோ. மோலிகளுக்கும்.

நான்கைந்து மோலிகளின் வாயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியது போல. ஒன்றுக்குக் கீழுதடே கரைந்தாற்போல் இருக்கிறது. தீனியை வாயில் வாங்கி, மென்று பார்த்து, துப்பிவிடுகிறது. மேல்மட்டத்தில் வந்து மூச்சுக்குத் தவிக்கிறது. அண்ணனுக்குப் போன் செய்தேன். "இன்னும் சூட்டை ஏத்துங்க." ஏற்றினேன். மருந்தையும் இரண்டு பங்காக்கினேன்.

சாரின் விரல் அந்த உதடு போன மோலியோடு மெல்ல மெல்ல நகர்கிறது. நான் பக்கத்தில் போனால் கையை மடியில் வைத்துக்கொள்கிறார்.

பிப்ரவரி 9

இரண்டு போய்விட்டன.

பிப்ரவரி 10

இன்று பல்லுக்குக் கிரீடம், அதுதான் மேலுறை, போட வந்தவர் கோழிப்பண்ணைகளுக்குப் போகும் கால்நடை மருத்துவர். ஊசி போட்டுக்கொண்டு காத்திருக்கும்போது தொட்டியைப் பார்த்தவர் எழுந்து வந்துவிட்டார். பாதி வாய் மரத்த நிலையில்தான் பேசினார், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெளிவாக உறைத்தது.

"யார் இதைப் பூஞ்சைன்னு சொன்னது?"

"மீன்கடை அண்ணன்... எங்க டாக்டரும்தான்."

"பஞ்சு மாதிரி இருந்தா எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. இது பாக்டீரியாம்மா. வாயில ஆரம்பிச்சு செவுள்ல இறங்கும். சூடு ஏத்துனீங்களா?"

தலையாட்டினேன்.

"சூடுதான் அதுக்குச் சாப்பாடு. நீங்களே பந்தி போட்டிருக்கீங்க. புதுசா மீன் எதாவது விட்டீங்களா?"

மறுபடி தலையாட்டினேன். தலையாட்டும் பொம்மைக்குக் கூட என்னைவிட மூளை இருக்கும்.

"தனித் தொட்டியில கொஞ்ச நாள் வச்சுப் பார்க்காமலா விட்டீங்க? ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறீங்க!"

உள்ளே கருவி கொதிக்கும் சத்தம் கேட்டது. இங்கே ஒருவர் வாயில் போன குட்டிக் கண்ணாடிகூட வேகாமல் இன்னொருவர் வாயில் போகாது. நானோ ஒரே வலையால் செத்ததை எடுத்து, உயிரோடிருப்பதையும் கிளறிக்கொண்டிருந்தேன்.

மருந்து எழுதிக் கொடுத்தார். சூட்டைக் குறைக்கணும், காற்றுக் குழாய் இன்னொன்று போடணும், நோய்பட்டதைத் தனி வாளியில் வைத்து மருந்துத் தண்ணீர் மாற்றணும். "பிழைக்குமா?" என்று கேட்டேன். மரத்த கன்னத்தைத் தடவிக்கொண்டே நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். ஆடுகிற பல்லைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவும் அப்படித்தான் நகர்ந்துவிடுவார்.

பிப்ரவரி 11

வாளியில் நான்கு. சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் போனில், "உன் கடவாப்பல்லையே காட்ட மாட்டே, மீனுக்கு மருத்துவமா?" என்கிறார். சிரிக்கத்தான் பார்த்தேன்.

பிப்ரவரி 13

வாளி காலி. வேறென்ன எழுத.

பிப்ரவரி 14

தொட்டியில் மிச்சமிருந்த மோலிகளும் போய்விட்டன. அண்ணன் தந்த அந்தத் துணை மோலி முதலிலேயே போன இரண்டில் ஒன்று என்பது இப்போதுதான் உறைக்கிறது. துணைக்கு வந்தது, ஊரையே கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

மாமனார் மட்டும் இருக்கிறார். உதட்டில் அதே வெள்ளை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கென்ன என்று கண்ணாடியை உரசிக்கொண்டிருக்கிறார்.

டாக்டரம்மா கதவருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "அவர் பார்க்கிறதுக்கு இது ஒண்ணுதாண்டி இருந்துச்சு" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நான் என்ன செய்ய? எனக்கென்ன தெரியும்? நல்லதுதானே நினைச்சேன் நான் — நல்லதுதானே...

பிப்ரவரி 17

சார் கீழே வரவில்லை. அழைக்கப் போனால் கண்ணை மூடிக்கொள்கிறாராம்.

பிப்ரவரி 21

பயிற்சி அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, "இடது கையும் இறுகிட்டு வருது. அவரா அசைக்கணும், நான் அசைச்சா பத்தாது" என்றார். புது மோலி வாங்கி விடலாமா என்று கேட்டேன். "டாக்டரம்மா கேட்டுப் பார்த்தாங்க. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார்."

அவருடைய நாற்காலியில் இப்போது நோயாளிகள் உட்காருகிறார்கள். நல்ல நாற்காலி, சாய்வு வசதி என்கிறார்கள்.

பிப்ரவரி 26

கடிகாரம் நின்றுவிட்டது. ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். சுவரில் அதன் கீழே ஆஸ்பத்திரித் திறப்பு நாளில் எடுத்த படம். தினமும் துடைக்கிறேன். அதில் நான் ஒல்லி. அப்படி ஒரு காலம் இருந்ததற்கு வேறு சாட்சி இல்லை என்பதால் துடைக்கும்போதெல்லாம் என்னை மட்டும் பார்த்துக்கொள்வேன்.

இன்று ஸ்டூல் மேல் முகத்துக்கு நேரே வந்ததால் மற்றவர்களையும் பார்த்தேன். டாக்டரம்மா ரிப்பன் வெட்டுகிறார். பக்கத்தில் சார், கோட்டு போட்டுக்கொண்டு, தொட்டிமேல் கை வைத்து நிற்கிறார். கைக்குக் கீழே கண்ணாடியை உரசிக்கொண்டு மாமனார்.

மேலுதட்டில் அதே வெள்ளை.