எல்லாம் சரியா இருக்கு சார்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலம்தானே. போனில் பேசலாமே என்பாய். போனில் நீதான் பேசுவாய், நான் உம் கொட்டிக்கொண்டிருப்பேன். அதனால் கடிதம்.

உன்னைப் போல நானும் புராஜெக்ட் மேனேஜராகி இந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு வந்தபோது, "சத்தம் போடத் தெரியாதவனுக்கு எதுக்குடா சைட்டு?" என்றாய். இன்னும் சத்தம் போடவில்லை. காலையில் நானும் மேஸ்திரியும் டீ டம்ளரோடு மாடி மாடியாக ஏறுகிறோம். "நேத்து எங்கண்ணே தப்பாச்சு?" என்று கேட்பேன். அவரே கூட்டிப்போய்க் காட்டுவார். நேற்று ஒரு தூணில் கான்கிரீட் சரியாக இறங்காமல் தேன்கூடு மாதிரி ஓட்டை. உடைத்துத் திரும்பப் போட்டோம்.

சிரிக்காதே அக்கா, எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. ஆபீஸில் வரைபடங்களோடு உட்கார்ந்திருந்த காலத்தில் இப்படிப் பசித்துச் சாப்பிட்டதில்லை.

உன் தம்பி

மார்ச் 19

அருமைத் தம்பிக்கு,

கட்டடம் கட்டச் சொன்னால் டீக்கடை நடத்துகிறாய். நான் கேட்டுக்குள் நுழைந்தாலே கலவை இயந்திரம் தானாக ஓட ஆரம்பிக்கும் என்று உன் அத்தான் கிண்டல் செய்வார். எனக்கு அதில்தான் சந்தோஷம்.

ஹெட் ஆபீஸ் போயிருந்தேன். உன் மூன்றாம் மாடி பின்தங்கிவிட்டதாம். "உங்க தம்பி பிள்ளைப்பூச்சி மேடம், எல்லாரும் ஏய்க்கிறாங்க" என்று ஒருவன் என் முகத்துக்கு நேரே சொல்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் உன் பந்தைப் பிடுங்கினவனிடமிருந்து அதை வாங்கித் தந்தது யார்? உன் மேஸ்திரி முன்பு என்னிடம் வேலை பார்த்தவர்தானே, நான் பேசிக்கொள்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

மேஸ்திரிக்குப் போன் செய்திருக்கிறாய். என்ன சொன்னாய் என்று அவரும் சொல்லவில்லை. இப்போது என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். டீ கொடுத்தால், "நீங்க குடிங்க சார்." எங்கே தப்பு என்றால், "எல்லாம் சரியா இருக்கு சார்."

வேலை வேகமாகத்தான் நடக்கிறது. ஹெட் ஆபீஸில் பாராட்டினார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒரு கட்டடத்தில் எல்லாமே சரியாக இருக்குமா அக்கா? அவரிடம் நீ சொன்னது வாய் தவறி வந்தது என்று சொல்லேன். வேண்டாம், ஒன்றும் சொல்லாதே.

உன் தம்பி

ஏப்ரல் 21

தம்பிக்கு,

நல்ல பேர் வந்தால் அனுபவிக்கவும் தெரியவேண்டும். மேஸ்திரி எழுந்து நின்றால் உனக்கு என்ன குறைந்துவிட்டது? போகப்போகப் பழகிவிடும். லீவு போட்டு வா, வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போடுகிறேன்.

அக்கா

ஜூன் 2

அக்காவுக்கு,

ஆபரேஷன் தியேட்டர் வரும் தளத்தில் ஒரு பீமின் பூச்சு மட்டும் ஈரம் காயாமல் இருந்தது. சுத்தியால் தட்டினேன். உள்ளே முழுக்க ஓட்டை. மேஸ்திரி அழுதுவிட்டார். "உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா என் பொழப்பு போயிடும் சார். அதான் பூசிட்டோம்" என்றார்.

தளத்தையே உடைக்க வேண்டியதாயிற்று. யாருக்கும் அடிபடவில்லை. கவனிக்காதது நான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், மேஸ்திரி வேலையில் இருக்கட்டும். திரும்பவும் வரைபடப் பிரிவுக்கே போகிறேன்.

நீ என் நல்லதுக்குத்தான் செய்தாய். அதனால் கோபப்படக்கூட முடியவில்லை. எனக்கு ஒத்துவராத வேலை என்று இனி எல்லோரும் சொல்வார்கள். நீயும் சொல்வாய். அது எனக்கு ஒத்து வந்த வேலை அக்கா. கொஞ்ச காலம் என்னைக் கூப்பிடாதே.

தம்பி

ஜூன் 15

என் தம்பிக்கு,

உன் சைட்டுக்கு வந்தேன். நீ போய்விட்டிருந்தாய். மேஸ்திரி என்னைப் பார்த்ததும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்காமலே திரும்பிவிட்டேன்.

மறுநாள் என் சைட்டில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். "நேத்து எங்க தப்பாச்சு?" என்று என்னால் முடிந்த அளவு மெதுவாகக் கேட்டேன். என் மேஸ்திரி டீயை வாங்கவில்லை. "எல்லாம் சரியா இருக்கு மேடம்" என்றார். அடுத்த மாடியில் கேட்டேன். அங்கேயும் அதுதான். இத்தனை வருஷமாக இந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

இப்போது பூசின சுவர்களையெல்லாம் சுத்தியால் தட்டிக்கொண்டு திரிகிறேன். பின்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

உன் வேலையை நான் கெடுத்துவிட்டேன். உன் நம்பரைப் போட்டுப் போட்டு வைத்துவிடுகிறேன். இனி போனில் நான் பேசமாட்டேன். நீ பேசு, நான் உம் கொட்டுகிறேன்.

அக்கா

செப்டம்பர் 8

தம்பிக்கு,

போன கடிதம் கிடைத்ததா?

அக்கா