மோசி ராசிட்டர் திறந்துவிட்ட கதவு

அனுப்புநர்:
அட்ராக்டா டெவரோ,
உப்புச்சந்துத் தெரு,
கேரிக்பான், அயர்லாந்து.

பெறுநர்:
நிர்வாக அதிகாரி அவர்கள்,
துறைமுக அலுவலகம், கேரிக்பான்.

பொருள்: பழைய கடற்பாலத்தின் கதவைத் திறந்துவிடவும், காவலர் திரு. மோசி ராசிட்டரை மீண்டும் பணியில் அமர்த்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊரில் ஒருவரைக் கடல் கொண்டுபோனால், தேடல் முடியும்வரை எந்தப் படகும் மீனுக்குப் போகாது. என் தம்பி ஃபின்டன் சென்ற 'செயின்ட் ஐபர்' படகு கவிழ்ந்தபோதும் ஊரே தேடியது. உடன் சென்ற இருவரின் உடல்கள் கிடைத்தன. ஃபின்டன் கிடைக்கவில்லை. அவனுக்குக் கல்லறை இல்லாததால் எங்கள் தாயார் ஃபிலோமினா ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்து கடற்பாலத்தின் நுனியில் போய் நிற்பார்.

2. சென்ற ஆண்டு தங்கள் அலுவலகம் அப்பாலத்தை உல்லாசப் படகுத்துறைக்காகக் குத்தகைக்கு விட்டது. குத்தகைதாரர் ஊர்ப்பெயர்ப் பலகையை எடுத்துவிட்டு 'நீலக்கரை' என்று எழுதிவைத்தார். அதைப் பொறுத்துக்கொண்டோம். பிறகு இரும்புக் கதவு வந்தது. படகு உடையவர் மட்டுமே உள்ளே போகலாம் என்றார்கள்.

3. அங்கே காவலுக்கு இருந்தவர் எங்கள் ஊர் மோசி. அன்று ஃபின்டனைத் தேடிப் போனவர்களில் அவரும் ஒருவர். "ஃபிலோ அம்மா, உங்களைத் தெரியாதா எனக்கு? திறந்தா என் வேலை போயிடும்" என்று கண்கலங்கினாராம். "நீ ஏன்டா அழற? நான் இங்கயே நின்னுக்கறேன்" என்று அம்மா சொன்னார். குளிர்காலம் முழுவதும் வெளியிலேயே நின்றார். பிப்ரவரியில் இறந்துபோனார்.

4. சவ ஊர்வலம் பாலத்தின் நுனிவரை சென்று திரும்புவது எங்கள் ஊர் வழக்கம். அனுமதி கேட்டிருந்தோம், பதில் வரவில்லை. பெட்டியைத் தோளில் சுமந்தபடி கதவின் முன் நின்றோம். மோசி சாவியை எடுத்தார். "போங்க அக்கா. அவங்களை வெளிய நிக்க வெச்சது போதும்" என்றார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவரும் எங்களுடன் நடந்தார். மறுநாளே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

5. இம்மனுவை எழுதும்படி அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார். கதவை ஞாயிற்றுக்கிழமைகளிலும் சாவு நாட்களிலுமாவது திறக்க ஆணையிடுங்கள். குத்தகை கொடுத்தவர் தாங்கள். மோசியின் வேலையைத் திரும்ப வாங்கித்தரத் தங்களால் முடியும். இப்போது அவர் ரொட்டி வாங்கக்கூட அந்தக் கதவு இருக்கும் கடற்கரைச் சாலையில் வருவதில்லை. மலைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறார்.

இடம்: கேரிக்பான்
நாள்: 11 மார்ச் 2019

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
அட்ராக்டா டெவரோ
(கையொப்பம்)