இடது கைப் பக்கம் ஆறு

டோபின்ஸ் பெண்ட், டென்னசி
ஞாயிறு மதியம்

அன்பு மார்லாவுக்கு,

ஹோயட் எழுதிக்கொள்வது. நானும் டியூக்கும் சௌக்கியம். நீயும் உன் தொண்டையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். ஓஹையோ பக்கம் இப்போதே குளிர் ஆரம்பித்துவிட்டதாக டிவியில் சொன்னார்கள். டூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாகப் படுக்காதே, சொன்னால் கேள்.

போன வாரம் போனில் உன் புது ஆல்பத்தைப் பற்றி ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டாய். நல்லாத்தான் சொல்றாங்க என்றேன். அவ்வளவுதானா என்றாய். அவ்வளவுதான் என்றேன். முன்பின் தெரியாதவர்கள் இன்டர்நெட்டில் எழுதுவதைப் படித்து வயிறு எரிகிறது, நம் ஊர்க்காரர்கள் சொல்வதை ஒன்று விடாமல் கடிதமாக எழுதி அனுப்பு, போனில் உன்னிடமிருந்து நாலு வார்த்தை பிடுங்குவதற்குள் என் உயிர் போகிறது என்றாய். நியாயம்தான். பேனாவைக் கையில் எடுத்தால் நான் வேறு ஆள். கேட்டது நீ, அதனால் பிறகு என்னைத் திட்டக் கூடாது.

முதலில் நல்ல சேதி. உன் பாட்டு ஓடாத வண்டி இந்த ஊரில் இல்லை. தீவனக் கடை வாசலில் வந்து நிற்கிற ஒவ்வொரு பிக்கப்பிலிருந்தும் நீதான் இறங்குகிறாய். மூட்டை தூக்கி வைத்துவிட்டு நான் உள்ளே வருவதற்குள் அடுத்த வண்டி வந்துவிடுகிறது, அதிலும் நீ. கல்யாணமான நாளிலிருந்து நீ என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

முதல் பாட்டில் வரும் டிரம்ஸ் எங்கள் கடை முதலாளி டெல்பர்ட்டுக்குப் பிடிக்கவில்லை. தகரக் கொட்டகை மேல் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கிறதாம். கன்ட்ரி பாட்டு என்றால் ஃபிடில் வேண்டாமா, பாதி ஆல்பம் போயும் ஒரு ஃபிடிலையும் காணோமே, நாஷ்வில்லில் ஃபிடில்காரர்கள் எல்லோரும் செத்துவிட்டார்களா என்று என்னைக் கேட்கிறார். நான் என்ன, ஃபிடில் சங்கத்துத் தலைவரா? ஆனால் அவர் வீட்டுப் பிள்ளைகள் அந்த டிரம்ஸுக்குத்தான் மாட்டுத் தொழுவத்தில் ஆடுகிறார்கள், அதையும் அவரே சொன்னார்.

பெரிய கலவரம் வேறு இடத்தில். இரண்டாவது பாட்டில் அம்மா சுட்ட சோள ரொட்டியில் சர்க்கரை இனித்தது என்று பாடியிருக்கிறாயே, அது தேவையா மார்லா? நம் பக்கத்தில் சோள ரொட்டியில் சர்க்கரை போடுகிறவளுக்குச் சமைக்கவே தெரியாது என்பார்கள். தபால் கொண்டுவரும் வில்டா கடைக்குள் நுழையும்போதே, "புருஷன் ஓடிப்போனதைக்கூட விட்டுடலாம், ஹோயட்டு. சோள ரொட்டியில பெத்தவ சர்க்கரை போட்டான்னு ஊரறிய பாடலாமா?" என்றாள். சர்ச்சில் பெண்கள் உன் அம்மாவைப் பார்க்கிற பார்வையே மாறிப்போயிருக்கிறது. உன் அம்மா அந்த வரி வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்று சாதிக்கிறாள். அந்த ரொட்டியை நானும் தின்றிருக்கிறேன்.

அடுத்தது ஓடிப்போன புருஷன். மூன்றாவது பாட்டு. ரமோனா என்று ஒருத்தியோடு ஓடுகிறான், போகும்போது நாயையும் கூட்டிக்கொண்டு போகிறான். நாஷ்வில்லில் நாலு பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சிரித்துச் சிரித்து எழுதிய பாட்டு என்று நீ என்னிடம் சொன்னாய். அதை இந்த ஊரில் யார் நம்புகிறார்கள்? பாட்டில் வந்துவிட்டால் இவர்களுக்கு அது கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்ன சாட்சி மாதிரி. நாய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே ஆட்கள் நம் வீட்டுப் பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டிப் போகிறார்கள். டியூக் வாசலில் படுத்துக்கொண்டு எல்லோருக்கும் வாலை ஆட்டுகிறது. நாயைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான் போலிருக்கிறது என்று அதற்கும் ஒரு கதை கட்டிவிட்டார்கள்.

ஊரில் இருப்பது ஒரே ஒரு ரமோனா. கோர்ட் ஹவுஸில் வண்டிக்கு நம்பர் பிளேட் கொடுக்கிறாளே, எழுபதைத் தாண்டியவள், அவள்தான். அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போனேன். புதிதாக முடி சுருட்டி, உதட்டுச் சாயம் பூசி உட்கார்ந்திருந்தாள். நான் ஆரம்பிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "இந்த வயசுல எனக்காக ஒருத்தன் பொண்டாட்டியை விட்டுட்டு ஓடி வருவான்னு ஊரே நம்புது. நீ அவசரப்பட்டு இல்லேன்னு சொல்லிக்கிட்டுத் திரியாத கண்ணு" என்றாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் மூடி போட்ட கண்ணாடித் தட்டு. சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு. மறுநாள் கோழிக்கறி. அதற்கடுத்த நாள் பீன்ஸ், கூடவே பீச் பழம் வைத்துச் சுட்ட ஓர் இனிப்பு. சாவு விழுந்த வீட்டுக்குத்தான் நம் ஊரில் இப்படித் தட்டு வரும். நம் உறவில் யாரோ போய்விட்டார்கள், எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று நினைத்து வில்டாவுக்குப் போன் போட்டு யார் செத்தது என்று கேட்டேன். "உன் கல்யாணந்தாம்ப்பா. ஊர்ல அப்படித்தான் பேச்சு" என்றாள்.

காரணம் கடைசிப் பாட்டு. விடிகிற நேரம், ஒரு பெண் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போகிறாள், இடது கைப் பக்கம் ஆறு கூடவே வருகிறது, நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று பாடி முடிக்கிறாள். ஆல்பமே அதோடு முடிகிறது. நான் ரமோனாவோடு ஓடினேன், புத்தி வந்து நாயோடு திரும்பி வந்தேன், நீ மன்னிக்காமல் போய்விட்டாய் என்று ஊர் இரண்டு பாட்டையும் ஒன்றாகத் தைத்துவிட்டது. சோள ரொட்டியையும் எங்கேயோ உள்ளே செருகியிருக்கிறார்கள்.

தட்டுகளைப் பார்த்து நானும் சிரித்தேன் என்று எழுதத்தான் ஆசை. சிரிப்பு வரவில்லை, மார்லா. நீ ஜூன் மாதம் போனில் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. டூர் முடிந்ததும் நாஷ்வில்லிலேயே ஒரு அபார்ட்மென்ட் பார்த்துத் தங்கிவிடு என்று மேனேஜர் சொல்கிறார் என்றாய். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். பார்க்கலாம்னு சொல்லியிருக்கேன் என்றாய். இந்த மாதத்தோடு டூர் முடிகிறது. அந்தக் கடைசிப் பாட்டை முதல்முறை வண்டியில் தனியாகக் கேட்டபோது, பார்க்கலாம் என்றதற்கு இதுதான் பதில் என்று எனக்குப் பட்டது. பயந்துபோனேன். கடைக்குள் போய் ஒரு ஆளுக்குக் கோழித் தீவனத்துக்குப் பதில் குதிரைத் தீவனம் கொடுத்து அனுப்பினேன்.

இனி நேற்று நடந்தது. சனிக்கிழமை காலை, கடையில் நல்ல கூட்டம். டெல்பர்ட் வழக்கம்போலக் கவுண்டரில் சாய்ந்துகொண்டு அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிப் பாட்டு ஒன்றுதான் பாட்டு, ஒருவழியாக ஒரு ஃபிடில் வந்தது, போகிறவள் போகிறாள் என்று அந்த ஃபிடிலே அழுகிறது என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லோரும் காலடியில் இருந்த சிமெண்ட் தரையைப் பார்த்தார்கள். அப்போது குதிரைத் தீவனத்தைத் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ள வந்த வில்டா, ஆமாம், நான் தீவனம் மாற்றிக் கொடுத்த அந்த ஆள் அவள்தான், பின்னாலிருந்து கேட்டாள். "போறான்னு யாரு சொன்னா? அவ வர்றா."

எல்லோரும் திரும்பினார்கள். வில்டா மூட்டையைக் கீழே வைத்தாள். தான் தினமும் தபால் போடுகிற ரோடு அது, ஊரிலிருந்து நாஷ்வில்லுக்குப் போனால் ஆறு வலது பக்கம், அங்கேயிருந்து ஊருக்கு வந்தால்தான் ஆறு இடது பக்கம், பாட்டில் என்ன வருகிறது, இடது கைப் பக்கம், அப்புறம் என்ன சந்தேகம் என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை என்றால் வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று யார் சொன்னது, நாஷ்வில்லைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று இருக்கக் கூடாதா என்றாள்.

முதலில் சுதாரித்துக்கொண்டவர் டெல்பர்ட்தான். ஊரெல்லாம் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்ட, தபால் பெட்டியில் கை போடுவதற்காக வண்டியில் வலது பக்கமே உட்கார்ந்து ஓட்டுகிறவள் நீ, உனக்கு இடமும் வலமும் எப்படித் தெரியும் என்றார். வில்டா அவருக்குத் தன் இடது கை எது என்று மிக அருகில் காட்டினாள். ஒருத்தர் ஆறு இடது பக்கம்தான் என்றார், இன்னொருத்தர் எந்த ஆறு என்றார். பேச்சு முற்றிக் கடைசியில் கடையைப் பூட்டிவிட்டோம். சனிக்கிழமை காலையில், மார்லா. டெல்பர்ட் கடையைப் பூட்டினார்.

டெல்பர்ட்டின் வண்டியில் வில்டா ஓட்ட, டெல்பர்ட் ஜன்னல் பக்கம், நான் நடுவில். பின்னால் மூன்று வண்டிகள். நாஷ்வில் ரோட்டில் பெட்ரோல் பங்க் வரைக்கும் போனோம், ஆறு வலது பக்கம் வந்தது. பங்கில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வில்டா அந்தப் பாட்டைப் போட்டாள். மேட்டிலிருந்து இறங்கியதும் சோளக்கொல்லை முடிகிறதே, அங்கே மரங்களுக்கு நடுவில் ஆறு தெரிய ஆரம்பித்தது, இடது பக்கம். சரியாக அந்த வரியும் வந்தது. அந்தப் பாட்டை அதற்கு முன் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஊரைப் பார்த்துக்கொண்டு கேட்டது அதுதான் முதல்முறை. அதே ஃபிடில், ஆனால் அது அழவே இல்லை. எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்றேன். டெல்பர்ட் அவர் பக்கத்து ஜன்னலை ஏற்றிவிட்டு, ஆமாம், இந்த சீசனில் தூசி ஜாஸ்தி என்றார்.

ஆனால் அந்த மனுஷர் லேசில் விட்டுக்கொடுக்கிறவரா? கடை வாசலில் இறங்கும்போது, "பாட்டு எழுதறவங்களுக்கு ஆறு எந்தப் பக்கம்னு என்னடி கவலை? முந்தின வரிக்கு எதுகை சேரணும்னு இடதுன்னு போட்டிருப்பா" என்றார். ராத்திரி அந்த முந்தின வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எதுகை நன்றாகத்தான் சேர்கிறது, அதுதான் சங்கடம்.

இப்போது ஊர் இரண்டு கட்சி. வருகிறாள் என்று ஒரு கட்சி, எதுகை என்று ஒரு கட்சி. சோள ரொட்டியை மறந்துவிட்டார்கள், உன் அம்மாவுக்குச் சந்தோஷம். இன்று காலை சர்ச்சில் பாஸ்டர் வண்டியில் பயணம் செய்கிறவர்களுக்காக ஜெபம் செய்தார், எந்தத் திசையில் போனாலும் என்று சேர்த்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த ரமோனா என் கையைத் தட்டிக் கொடுத்தாள். அதைப் பார்த்து இரண்டு வரிசை சிரித்தது.

இது ஊராருடைய அபிப்பிராயம். என்னுடையதை நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். இந்த ஆல்பம் நீ இதுவரை பாடியதிலேயே சிறந்தது. டிரம்ஸும் எனக்குப் பிடித்திருக்கிறது, டெல்பர்ட்டிடம் சொல்லிவிடாதே. கவுண்டரில் நின்று முன்பின் தெரியாத ஆட்களிடம்கூட, பாடறது என் பொண்டாட்டி என்று சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்கிறேன்.

இடது பக்கம் என்று எழுதியது எதுகைக்காகத்தானா என்று நான் கேட்கப் போவதில்லை. போனில் கேட்டால் நீ ஏதாவது சொல்வாய், நான் சரி என்பேன், அதோடு போய்விடும். உனக்கு அந்த அபார்ட்மென்டில்தான் இருக்க வேண்டும் என்றால் அதையும் பேசலாம். நாஷ்வில்லைச் சுற்றியும் மாடுகள் தீனி தின்னத்தான் செய்யும், அங்கேயும் மூட்டை தூக்க ஆள் வேண்டும். டியூக் மாடிப்படி ஏறப் பழகிக்கொள்ளும். ஆனால் முதலில் ஒரு தடவை வீட்டுக்கு வா. எதுவாக இருந்தாலும் நம் சமையலறையில் உட்கார்ந்து முடிவு செய்யலாம். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், மார்லா. அவ்வளவுதான்.

ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள். திங்கட்கிழமையிலிருந்து பெரிய பாலத்தில் வேலை ஆரம்பிக்கிறார்கள். நாஷ்வில்லிலிருந்து வருகிறவர்களை மில் ரோடு வழியாகச் சுற்றி விடுகிறார்கள். அந்தப் பக்கமாக வந்தால் கொஞ்ச தூரத்துக்கு ஆறு வலது பக்கம் வரும். வழி தப்பிவிட்டோம் என்று நினைத்து வண்டியைத் திருப்பிவிடாதே. அப்படியே வந்துகொண்டிரு, அதுவும் வீட்டுக்கு வருகிற வழிதான். ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
ஹோயட்