நீங்கள் படித்ததாகச் சொல்லிவிட்டேன்

அன்புள்ள அத்தானுக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். நேற்று பெங்களூரில் என் நாவலைப் பற்றிப் பேசி முடித்ததும், நம் வடமதுரைக்காரர் ஒருவர் எழுந்தார்.

“வீட்டுக்காரரு படிச்சாராம்மா?”

“மொத ஆளாப் படிச்சதே அவருதான்” என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

“அடுத்த வாரம் ஊருக்கு வாரேன். உங்க உரக்கடையில அவரப் பாத்துப் பேசணும்” என்றார். சிரித்துவைத்தேன்.

அதிலிருந்து அறையில் இருப்புக்கொள்ளவில்லை. பெட்டியை அடுக்குகிறேன், கலைக்கிறேன். நாளை ஹைதராபாத்தில் கூட்டம், பிறகு மும்பை. அங்கும் இதையே கேட்பார்கள்.

மும்பைக்குக் கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்புங்கள். மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். அந்த வடமதுரைக்காரர் வருவதற்குள் நாவலைப் படித்துவிடுங்கள். பிடிக்காவிட்டால் அவரிடம் சொல்ல வேண்டாம், என்னிடம் சொல்லுங்கள். அதுகூட எனக்குப் போதும்.

கார் வந்துவிட்டது.

இளவேனில்