அம்மாவிடம் யார் சொல்வது

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவின் வயிற்று வலி எப்படி இருக்கிறது? ஸ்கேன் எடுத்தாயிற்றா?

இந்த வெளிநாட்டுக் கல்லூரியில் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வந்த நர்சிங் மாணவி என்றால் காட்சிப் பொருள்தான். நேற்று வார்டில் ஒரு பெரியவருடைய பரிசோதனை முடிவை அவர் மகன் கேட்டார். புற்றுநோய் என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் வீட்டாரிடம்தானே முதலில் சொல்வோம்? இங்கே நோயாளியிடம்தான் முதலில் சொல்ல வேண்டுமாம். இன்று ஆசிரியை என்னை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, "இவங்க பக்கம் நோயாளிகிட்ட எதையும் சொல்ல மாட்டாங்க" என்று விளக்கினார். பாடத்தின் பெயர், பிற பண்பாடுகளை மதித்தல். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உன் சின்னக்குட்டி

மார்ச் 19

சின்னக்குட்டிக்கு ஆசிகள்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அந்தப் பெரியவர் கதையை மட்டும் விட்டுவிட்டு. காரணம் இருக்கிறது. அம்மாவுக்கும் அதேதான். குடல்புண் என்று சொல்லி வைத்திருக்கிறோம். மாமா, சித்தி, உன் அத்தான் எல்லோருக்கும் விஷயம் தெரியும்; அவளிடம் சொல்வது மட்டும் ஒரே பேச்சு. ஃபோனில் கேட்டால் நீயும் அதையே சொல். நர்சுக்குப் படிப்பவள் சொன்னால் நம்புவாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஒற்றை ஆளாக அலைகிறேன். நீயும் வம்பு பண்ணாதே.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

அழுது தீர்த்தேன். பிறகு கோபம் வந்தது. அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "என் உடம்புக்கு என்னன்னு எனக்குத்தான் கடைசியா தெரியணுமா?" என்றார். ஆசிரியை சொன்னபோது உறைக்காதது அப்போது உறைத்தது. நீயே அம்மாவிடம் சொல்லிவிடு. என்னைப் பொய் சொல்ல வைக்காதே.

சின்னக்குட்டி

ஏப்ரல் 20

தங்கைக்கு,

அம்மா ஃபோனில் கேட்டதும் சொல்லிவிட்டாய். நான் மெதுவாக எடுத்துச் சொல்லும் வரைகூட உனக்குப் பொறுக்கவில்லை.

ஃபோனை வைத்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "வேற யாருக்கெல்லாம் தெரியும்?" சொல்லச் சொல்லத் தலையாட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி பெயரையும் சொன்னதும், "அவளுக்குமா?" என்றாள். பிறகு தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் டாக்டர் அறைக்குள் தனியாகப் போனாள். நான் எழுந்தபோது, "நீ உட்காரு" என்றாள். வெளியே வந்து, "ஆபரேஷனுக்கு நானே கையெழுத்து போட்டுட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

நீ செய்தது சரியாகவே இருக்கலாம். ஆனால் அம்மா முகம் கொடுக்காமல் இருப்பது என்னிடம்தான். இனி எனக்கு எழுதாதே. அவள் பெயருக்கே எழுது. தானே படித்துக்கொள்வதாகச் சொல்கிறாள்.

அக்கா