கையை விட்டால் நிற்குமா?

2025 ஜனவரி 12, ஞாயிறு

பாப்பாவுக்குச் சளி இன்னும் இறங்கவில்லை. முதுகில் தைலம் தேய்த்துத் தூங்கவைத்துவிட்டு எழுதுகிறேன்.

மாமா இன்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லிவிட்டார்: "இந்தத் தடவ சொந்தமா ட்ராக்டர் எடுத்துருவோம். வாடகைக்காரன நம்பி இனிமே ஒக்கார முடியாது."

சரிதான். போன போகத்தில் வாடகை மெஷின் இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்ததில் விதை உருளைக்கிழங்கு அழுகியதுதான் மிச்சம். வட்டகொடைக்கு மேலே, மாமா தேயிலைத் தோட்டத்து வேலையை விட்ட பிறகு வாங்கிய நிலம். மலைச்சரிவில் தட்டுத் தட்டாக வெட்டிய மூன்று ஏக்கரில் பாதிக்கு மேல் புல்லாகக் கிடந்தது. அப்போது கட்டாருக்கு வேலைக்குப் போகும் பேச்சை எடுத்தவர்தான் மாமாவின் மூத்த மகன், என் வீட்டுக்காரர் துஷாந்த், இன்னும் விடவில்லை.

"இந்தப் போகமும் தப்புனா நான் போறேன், லோஜி. ஏஜென்சிக்காரன் கேட்டுக்கிட்டேதான் இருக்கான்."

பாப்பாவுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. அவர் போய்த் திரும்பி வரும்போது, இது யாரு என்று என்னிடம் கேட்கும்.

ஆகவே சரியான மெஷின் வேண்டும். அது அமைந்தால் இவர் இங்கே.

ஜனவரி 15, புதன்

பொங்கல் பானையின் அடிப்பிடிப்பு இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது. வீட்டில் ட்ராக்டர் பேச்சைத் தவிர வேறில்லை.

துஷாந்துக்கும் அவர் தம்பி மதுரனுக்கும் நாலு சக்கரச் சின்ன ட்ராக்டர் வேண்டும். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இரண்டு பேருக்கும் கண் சிவந்துவிட்டது. மாமாவுக்குப் பெரிய கை ட்ராக்டர், பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பது, டீசலில் ஓடுவது. "அதோட சத்தமே ஒரு ஆம்பள சத்தம்" என்கிறார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் புவியியல் படித்த என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி: "அண்ணி, தேத்தண்ணி இருக்கா?"

தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு நானும் ஒன்று கேட்டேன். "மேல் தட்டுல அது திரும்புமா?"

"அண்ணி, அது ட்ராக்டர். பஸ் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் திரும்புமா?

ஜனவரி 17, வெள்ளி

கண்ணை மூடினால் ஒரு சிவப்பு ட்ராக்டர் மேல் தட்டிலிருந்து உருண்டு உருண்டு வருகிறது. நிலத்துக்கு நேர் கீழேதான் நம் வீடு. இதை யாரிடம் சொல்வது?

ஜனவரி 19, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிற்கவில்லை.

காலையில் துஷாந்திடம் கேட்டேன். "அந்த ட்ராக்டரும் பின்னாடி மாட்டுற கலப்பையும் சேந்தா நம்ம கட்டில விட நீளம். கட்டிலத் தூக்கிட்டுப் போயி மேல் தட்டுல ஒரு தடவ திருப்பிக் காட்டுங்க. திரும்பிச்சுன்னா நான் வாயே தொறக்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "மதுரன், மெத்தைய எடுத்துப் போடு" என்றார்.

முன்னால் அண்ணன், பின்னால் தம்பி, நடுவில் கட்டில். ஒற்றையடிப் பாதையில் ஏறும்போது பக்கத்து நிலத்தில் லீக்ஸ் பிடுங்கிக்கொண்டிருந்த பத்திநாதன் அண்ணன் நிமிர்ந்தார்.

"என்ன துஷாந்த், காலங்காத்தால யாரக் கொண்டு போறீங்க?"

அக்கம்பக்கத்து வீட்டு வாசல்களில் எல்லாம் ஆட்கள் வந்து நின்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பாப்பாவைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கீழ்த் தட்டில் கட்டில் திரும்பியது. நடுத்தட்டில் எக்கி, இழுத்து, எப்படியோ திரும்பியது. மேல் தட்டில் மதுரன் ஒரு காலைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விட்டான். கட்டில் சாய்ந்தது. அவன் விழ, அதன் மேல் கட்டில் விழ, "அம்மா!" என்று ஒரு சத்தம். மனுஷன் என்றால் பக்கவாட்டில் நகர்ந்தாவது பார்க்கலாம். ட்ராக்டர் எங்கே நகரும்?

அத்தை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, மகனுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், அங்கேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நல்லவேள, கட்டிலோட போச்சு!"

நாலு சக்கரம் இல்லை என்று முடிவாகிவிட்டது. கட்டிலுக்கு ஒரு கால் இல்லை. இன்று எல்லோரும் தரையில்.

ஜனவரி 25, சனி

நுவரெலியாவுக்குப் போனோம். மாமா, துஷாந்த், நான், மடியில் பாப்பா. கடையில் மாமா கேட்ட பெரிய கை ட்ராக்டரும் இருந்தது, பெட்ரோலில் ஓடும் சின்னது ஒன்றும் இருந்தது. கடைக்காரர் சிங்களவர், நல்ல மனுஷர், தமிழும் பேசுகிறார். குதிரைசக்தி, கியர், எண்ணெய் என்று எல்லாம் சொன்னார். மாமா தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

என் வாயில் வந்தது இதுதான். "ஓட்டும்போது கையை விட்டா நிக்குமா?"

"ஏன் நங்கி கையை விடுறது?" என்றார். நங்கி என்றால் தங்கச்சி.

மாமா, "புடிக்கத்தானே ரெண்டு கை இருக்கு?" என்றார்.

"மழையில சறுக்கினா? மேல் தட்டு ஓரத்துல?"

கடைக்காரர் பெரியதின் கைப்பிடியைத் தட்டிக் காட்டினார். பெரியது நிற்காது, கிளச்சை இழுக்க வேண்டும் என்றார். சின்னதில் கைப்பிடியோடு ஒரு லீவரைச் சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தால்தான் கத்தி சுற்றும். கடைக்குப் பின்னால் இருந்த மண்ணில் ஓட்டிக் காட்டினார். பிறகு என் கையில் கொடுத்தார். பிடித்தேன், ஓடியது. விட்டேன், கத்தி மண்ணில் புதைந்து அப்படியே நின்றது. மறுபடியும் விட்டேன். மறுபடியும்.

"ஹரி நங்கி, ஹரி!" சரி, சரி என்று சிரித்தார்.

மாமா சிரிக்கவில்லை. "இது வெளையாட்டுச் சாமான். தையல் மெஷின் மாதிரி" என்றவர், பஸ் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அப்படி என்ன கேட்டுட்டேன்? புள்ள வெச்சிருக்கேன். கீழ வீடு இருக்கு. கேட்டா பயந்தாங்கொள்ளின்னா, ஆமா, பயந்தாங்கொள்ளிதான். இருந்துட்டுப் போறேன்.

ஜனவரி 28, செவ்வாய்

முற்றத்தில் ஆட்டோ கழுவிக்கொண்டிருந்த துஷாந்த் திடீரென்று கேட்டார். "நான் மேல ஓட்டுறப்ப நீ எங்க நிப்ப?"

"கீழதான். பாப்பாவோட. வேற எங்க?"

வாளியை வைத்துவிட்டு நிலத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். தண்ணீர்க் குழாய் தன்பாட்டில் ஓடியது.

"சின்னதே எடுப்போம்."

பெப்ரவரி 6, வியாழன்

வந்துவிட்டது! பச்சை நிறம். குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கினோம். பாப்பா அதைப் பார்த்து "மாடு" என்கிறது. மாமா தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

பெப்ரவரி 13, வியாழன்

நான் ஓட்டினேன். நான்!

துஷாந்த் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போய்விடுகிறார். மெஷின் சும்மா கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அத்தை இன்று கொழுந்து பறிக்கப் போகவில்லை. பாப்பாவைக் கொடுத்துவிட்டு, துஷாந்தின் பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஏறினேன். முதல் சால் கோணலாகப் போனது. மூன்றாவது சாலில் பாட்டு வந்தது. மண் கறுப்பாகப் புரண்டு புரண்டு விழும்போது என்னவோ நானே புரட்டுவது மாதிரி. முள்ளு மண்வெட்டியால் கொத்தினால்கூட எட்டாத மூலைக்குள்ளும் போய் வருகிறது.

மாமா வரப்பில் நின்று, "இந்த வேகத்துல போனா தீவாளிக்குத்தான் கெழங்கு" என்றார். போகாமல் அங்கேயே நின்றுகொண்டும் இருந்தார்.

எழுதும்போதும் உள்ளங்கை அதிர்கிறது.

பெப்ரவரி 21, வெள்ளி

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

மதியம் தூறல். மேல் தட்டில் பாதி முடித்துவிட்டு, பாப்பாவுக்குச் சோறு ஊட்டக் கீழே வந்தேன். வாசற்படியில் உட்கார்ந்து ஊட்டிக்கொண்டிருக்கும்போது மேலே மெஷின் சத்தம். மாமா. நான் இல்லாத நேரம் பார்த்துத் தொட்டிருக்கிறார். ஓரத்துக்குப் போகிறார், இன்னும் ஓரத்துக்கு — "மாமா!" என்று நான் எழும்பும்போதே கால் வழுக்கிவிட்டது.

கையை விட்டார்.

மெஷின் நின்றது. கத்தி மண்ணுக்குள், பாதிச் சக்கரம் விளிம்புக்கு வெளியே. அந்த இடத்துக்கு நேர் கீழே நானும் பிள்ளையும்.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே ஓடினேன். மாமா சேற்றில் உட்கார்ந்து மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில்லை.

"நின்னுருச்சு" என்றார். பிறகு கீழே நம் வீட்டுக் கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நின்னுருச்சும்மா."

நான் அங்கேயே அழுதேன். நல்ல சத்தமாக. வெட்கம் எல்லாம் வரவில்லை.

சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் மாமா குரல் இங்கேவரை கேட்டது. "கடையில நாங்கெல்லாம் குதிரையப் பத்திப் பேசிக்கிட்டு நின்னோம். எம் மருமக ஒத்தக் கேள்விதான் கேட்டுச்சு. யாவாரி வாயடைச்சுப் போயிட்டான்!"

வாயடைத்துப் போனது யாரென்று எனக்குத் தெரியும். இருக்கட்டும்.

மார்ச் 2, ஞாயிறு

மூன்று ஏக்கரும் நட்டாகிவிட்டது. முழுசாக.

ஏப்ரல் 9, புதன்

ஏஜென்சிக்காரர் போனில் கோல் எடுத்தார். துஷாந்த் பாத்தியில் நின்றபடியே, "இல்லண்ணே, இங்கயே வேல தலைக்கு மேல கெடக்கு" என்றார். நான் கேட்காதது மாதிரி களை பிடுங்கினேன். பிடுங்கியதில் இரண்டு கிழங்குச் செடியும் போய்விட்டது.

ஜூன் 1, ஞாயிறு

நேற்றுக் கிழங்கு கிளப்பத் தொடங்கினோம். மதுரன் ஒன்றைப் பாப்பா தலைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தான். எது பெரிது என்று சொல்வது கஷ்டம்.

எழுத வந்தது அதையல்ல.

போன வாரம் பத்திநாதன் அண்ணன் வீட்டுக்கு வந்து, ட்ராக்டர் எடுக்கப் போகிறேன், நாலு சக்கரம் சரிவருமா தங்கச்சி என்று கேட்டார். என்னைத்தான். என்ன செய்து பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

இன்று காலை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் பத்திநாதன் அண்ணன், பின்னால் அவர் மனைவி சுகிர்தம் அக்கா, நடுவில் அவர்கள் வீட்டுக் கட்டில். மூச்சு வாங்க மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜனவரியிலிருந்து நான் சுமந்துகொண்டிருந்த ஒன்று தொண்டைக்கு வந்தது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, அந்த மலையே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"என்னண்ணே, காலங்காத்தால யாரக் கொண்டு போறீங்க?"

சுகிர்தம் அக்கா சிரித்ததில் கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது.

"சிரிக்காத தங்கச்சி, மேல வளைவுல ஒரு கை வந்து புடி!"

பாப்பாவைத் துஷாந்த் கையில் கொடுத்துவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு ஏறினேன்.