ஒரு மில்லியில் எவ்வளவு

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வார்டில் சாப்பாட்டு இடைவேளை. ஒரு கையில் ரொட்டி, மறுகையால் போனில் எழுதுகிறேன்.

இன்று ஒரு கூத்து நடந்தது. தையல் போடுமுன் போடுகிற மரத்துப்போகும் ஊசியை நிரப்பச் சொன்னார்கள். அளவு நாற்பது மில்லிகிராம். குப்பியில் இரண்டு சதவீதம் என்று இருந்தது. நூறு மில்லியில் இரண்டு கிராம், அதாவது ஒரு மில்லியில் இருபது மில்லிகிராம். நான் ஒரு மில்லியில் இரண்டு மில்லிகிராம்தான் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு மில்லி போதுமான இடத்தில் இருபது மில்லி இழுத்துவிட்டேன்.

"ஏம்மா, தையல் மனுஷனுக்கா, யானைக்கா?" என்று தலைமை நர்ஸ் கையைப் பிடித்துவிட்டார். எல்லோரும் சிரித்தோம்.

இரவு கூப்பிடும்போது பாப்பா தூங்கியிருந்தாலும் போனை அவள் பக்கத்தில் வையுங்கள். மூச்சுச் சத்தம் கேட்டால் எனக்குப் போதும்.

காலையில், "பாப்பாவுக்கு உடம்பு லேசா சுடுது, வீட்டுல மருந்து இருக்கு, நான் பாத்துக்கறேன்" என்றீர்களே. இப்போதுதான் உறைக்கிறது. அலமாரியில் ஒரே பெயரில் இரண்டு பாட்டில்கள் இருக்கின்றன. கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு நூறு மில்லிகிராம். இப்போதைய சிரப்பில் இருபத்தைந்துதான். சொட்டு மருந்தை ஸ்பூனில் ஊற்றினால் நாலு மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.

நீங்கள் எதை ஊற்றினீர்கள்? மதியமும் கொடுத்தீர்களா? இனி எதையும் கொடுக்காதீர்கள். இதை அனுப்பிய கையோடு கூப்பிடுகிறேன், எடுங்கள். அவள் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்புங்கள்.